சக்கரத்தின் மேல் வீடு: வண்டி நிறுத்தும் இடத்தின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

போன குற்றால சீசனில் பெங்களூரிலிருந்து அத்தான் ஒரு வண்டியோடு வந்து இறங்கினார். பழைய வேன் ஒன்றை வாங்கி, இருக்கைகளைக் கழற்றிவிட்டு, இரண்டு வருஷமாக அதை வீடாக்கிக்கொண்டிருந்தார். உள்ளே மடக்குக் கட்டில், கேஸ் அடுப்பு, நூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டி, மூலையில் கதவு வைத்த சின்னக் கக்கூஸ். அக்காவும் பிள்ளைகளும் அதிலேயே வந்திருந்தார்கள். அத்தான் கேட்ட முதல் கேள்வி, "மாப்ள, ராத்திரி வண்டிய எங்க நிறுத்த?" என்பதுதான்.

எங்கள் தெருவுக்குள் அந்த வண்டி நுழையாது. திருமங்கலத்திலிருந்து கொல்லத்துக்குப் போகிற நெடுஞ்சாலை புளியங்குடி ஊருக்குள்ளேயே போகிறது. அதன் ஓரத்தில் நிறுத்தினால் ராத்திரி முழுக்க லாரிச் சத்தம். எலுமிச்சை மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவரிடம் போய்ச் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. "நம்ம வீட்டுப் பிள்ளைய வந்திருக்காவ, தாராளமா உள்ள நிறுத்துங்க. குழாயில தண்ணி புடிச்சிக்கிடுங்க. கக்கூசும் இருக்கு" என்றார். மூன்று ராத்திரி அந்த வீடு அங்கே நின்றது. வண்டியில் கர்நாடகா நம்பர். யாரும் எதுவும் கேட்கவில்லை.

அதே வாரத்தில் ஊருக்கு வெளியே சாலையோரப் புளியமரத்தடியில் இன்னொரு வீடும் நின்றது. பழைய லோடு வண்டி, மேலே தார்ப்பாய், பக்கத்தில் தரையில் ஒரு உலை. வடக்கேயிருந்து வந்த கொல்லர் குடும்பம். ஆண்கள் இரும்பைப் பிடிக்க, பெண்கள் சம்மட்டி அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு அரிவாள் வாங்கினேன். விலை பேசி முடித்தபின், அடித்துக்கொண்டிருந்த அம்மாளிடம் எத்தனை நாள் இருப்பீர்கள் என்று கேட்டேன். உடைந்த தமிழில், "தண்ணி குடுத்தா ரெண்டு நாள், குடுக்கலன்னா நாளைக்கு" என்றார். பிறகு, கேட்காமலே, "காலைல இருட்டுல போகணும். வெளிச்சம் வந்தா போக முடியாது" என்றார். எதைச் சொல்கிறார் என்று விளங்கக் கொஞ்சம் நேரமாயிற்று.

மறுநாள் போனபோது சாம்பல் மட்டும் கிடந்தது. "யாரோ வந்து கெளம்பச் சொன்னாவளாம். எங்க போனாவளோ" என்றார் டீக்கடைக்காரர்.

இரண்டும் சக்கரத்தின் மேல் ஏற்றிய வீடுகள்தான். ஒன்றின் பெயர் கேரவன், மற்றொன்றின் பெயர் ஆக்கிரமிப்பு. இந்தப் பெயரிடலுக்குப் பின்னால் இருக்கும் வரலாற்றைத் தொட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். வீட்டுவண்டி வைத்திருப்பதின் நடைமுறை குறித்துப் பேசுகிறவர்கள் என்ஜின், மைலேஜ், மெத்தை என்று வண்டியைப் பற்றியே பேசுகிறார்கள். ஓடும்போது அது எல்லா வண்டியையும் போல ஒரு வண்டி, நிற்கும்போதுதான் வீடாகிறது. எனவே நிறுத்த ஓர் இடம், தண்ணீர், கழிவு போக ஒரு வழி, கேட்டால் சொல்ல ஒரு முகவரி ஆகிய நான்கும் யாருக்குக் கிடைத்தன, யாரிடமிருந்து பிடுங்கப்பட்டன என்று கேட்பதன் மூலமே இந்த வீட்டின் வரலாற்றை எழுத முடியும் என்று படுகிறது.

2

தமிழில் இதற்கு மிகப் பழைய சாட்சியம் உண்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வணிகரான உமணரின் வண்டி வருகிறது. கோழி அடையும் கூடு, தொங்கவிட்ட சிறு உரல், காடி வைத்த கலம், கைக்குழந்தையோடு முன்னால் உட்கார்ந்து எருதை ஓட்டும் பெண் என்று ஒரு குடித்தனமே அதில் நகர்கிறது. புறநானூற்றில் ஔவையார் பாட்டொன்று, வழியில் அச்சு முறிந்தால் மாற்ற உமணர் வண்டிக்கு அடியில் கட்டிக்கொண்டு போகும் சேம அச்சை உவமையாக எடுத்தாள்கிறது. இன்றைக்கு ஸ்டெப்னி என்கிறோமே, அதுதான். வீட்டுவண்டியின் நடைமுறை அறிவு இங்கே இரண்டாயிரம் வருஷப் பழமை உடையது.

பெரும்பாணாற்றுப்படை அதோடு நிற்கவில்லை. மிளகுப் பொதி சுமந்த கழுதைச் சாத்து போகும் வழியைச் சொல்லும்போது, சுங்கம் வாங்குகிற பெருவழியையும், அதன் கவர்த்த இடங்களைக் காக்கும் வில் வீரர்களையும் சேர்த்தே சொல்கிறது. நகர்கிறவர்களை அரசு அன்றும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அது கேட்டது சுங்கத்தை. 'உன் ஊர் எது, வீடு எது' என்ற கேள்வி இன்னும் பிறக்கவில்லை. இதைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. வரி கொடுத்தால் போகலாம் என்பதும் அதிகாரம்தான். ஆனால் நகர்வது என்பதே குற்றத்தின் அடையாளமாக இருக்கவில்லை என்பது கவனத்திற்குரியது.

பிந்தைய நூற்றாண்டுகளில் நெடுவழிகளில் நிற்பதற்கென்றே ஓர் ஏற்பாடு உருவாகியிருந்தது. சத்திரம், சாவடி, சுமைதாங்கி, தண்ணீர்ப்பந்தல், மாடு உரசிக்கொள்ள நட்ட ஆவுரிஞ்சிக் கல், வண்டிப்பேட்டை என எத்தனை சொற்கள். 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாளின் பெயரை இன்றைக்கும் சாலைகளும் சத்திரமும் தாங்கி நிற்கின்றன. வண்டிப்பேட்டை என்றால் மாட்டை அவிழ்த்துக் கட்டலாம், தண்ணீர் காட்டலாம், வைக்கோல் வாங்கலாம், லாடம் அடிக்கலாம், வண்டி மை போடலாம், வண்டிக்கடியில் படுத்துத் தூங்கலாம். 1920ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலேயே வண்டிப்பேட்டை அமைத்துக் கட்டணம் வாங்க நகராட்சிகளுக்கு இடம் இருந்தது. அதாவது நிற்பதற்கு இடம் கொடுப்பது பொதுநிர்வாகத்தின் வேலைகளில் ஒன்றாக அங்கீகரிக்கப்பட்டிருந்தது.

ஆனால் இந்த ஏற்பாட்டையும் சாதி அறுத்துப் போட்டிருந்தது என்பதை மறந்துவிட்டு வண்டிப்பேட்டைக்காக ஏங்கினால் அது வெறும் பழம்பெருமை. சத்திரத்தில் யார் உள்ளே, யார் திண்ணையில், யார் மரத்தடியில் என்பதெல்லாம் எழுதாமலே வகுக்கப்பட்டிருந்தது. திருவிதாங்கூரின் ஊட்டுப்புரைகள் பிராமணர்களுக்கு உணவிட்டவை. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் செங்கோட்டை, 1956 நவம்பர் 1 வரை அந்த ஆட்சி எல்லையில்தான் இருந்தது. தெருவில் நடப்பதற்கே 1924இல் வைக்கத்தில் போராட வேண்டியிருந்தது. நடக்கும் உரிமைக்கு நம் வரலாற்றில் ஒரு வைக்கம் இருக்கிறது. நிற்கும் உரிமையை நாம் இன்னும் உரிமை என்று பெயரிட்டு அழைக்கவே தொடங்கவில்லை.

3

உமணருக்கும் பிற்காலக் குறவருக்கும் வம்சத் தொடர்பு காட்டுவது என் வேலை அல்ல. தொழிலில் ஒரு தொடர்ச்சி தெரிகிறது என்பது மட்டும் போதும். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னை மாகாணத்தில் கடற்கரை உப்பை மாட்டிலும் கழுதையிலும் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோய், தானியத்தோடு திரும்பியவர்களில் குறவர் முக்கியமானவர்கள். மீனா ராதாகிருஷ்ணா 2001இல் வெளியிட்ட ஆய்வு நூல் இந்தக் கதையை ஆவணங்களிலிருந்து எடுத்துக் காட்டுகிறது. சென்னை மாகாணத்தில் கம்பெனி 1805இல் உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. 1856இல் ராயபுரத்திலிருந்து முதல் ரயில் ஓடியது. ரயில் போன இடத்துக்கெல்லாம் உப்பும் ரயிலிலேயே போனது. வண்டிச் சாத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. மேற்கு மலையைத் துளைத்துச் செங்கோட்டை வழியாகக் கொல்லத்துக்கு ரயில் போனது 1904இல்.

இந்த இடத்தில்தான் ஒரு தலைகீழாக்கம் நிகழ்கிறது. பிழைப்பைப் பறித்த அரசே, பிழைப்பில்லாமல் அலைகிறார்கள் என்று அவர்களைக் குற்றவாளிகளாக்கியது. 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், நிலையான இருப்பிடம் இல்லாத குழுவைப் பற்றி அறிக்கை அனுப்பும்போது அவர்களை எங்கே குடியமர்த்தப் போகிறோம் என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ரேகைச் சட்டம் என்று நம் மக்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். பெயர் பதிய வேண்டும், ரேகை வைக்க வேண்டும், குறித்த நேரத்தில் போய் நிற்க வேண்டும், இருப்பிடம் மாறினால் சொல்ல வேண்டும், வெளியே போனால் பாஸ் வேண்டும். இதற்கெனக் குடியேற்றங்கள் உண்டாக்கப்பட்டன. அன்றைய சென்னை மாகாணத்தில் குண்டூர்ப் பக்கம் சால்வேஷன் ஆர்மி நடத்திய ஸ்டூவர்ட்புரம் அவற்றுள் பெயர் பெற்றது. வீடு என்ற சொல் இங்கே தண்டனையின் பெயராகிறது. ஃபூக்கோவைப் படித்த நண்பர்கள் சிறைச்சாலையைத் தேடி ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை.

அதே காலத்தில் இங்கிலாந்தில் நடந்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஓய்வுபெற்ற கடற்படை மருத்துவர், சிறுவர்களுக்குச் சாகசக் கதை எழுதியவர், 1885இல் 'வாண்டரர்' என்ற பெயரில் ஒரு வீட்டுவண்டியைச் செய்து வாங்கினார். பிரிஸ்டல் வேகன் ஒர்க்ஸ் செய்தது. இரண்டு குதிரைகள் இழுத்தன. உல்லாசத்துக்கென்றே கட்டப்பட்ட முதல் வீட்டுவண்டி என்று இதைச் சொல்கிறார்கள். இன்றைய கேரவனின் மூதாதை. நாடோடிகளைப் போல வாழ ஆசைப்பட்ட கனவான் அவர். ஆனால் வண்டிக்காரர் ஒருவர், பணியாள் ஒருவர் கூடவே போனார்கள். பணியாள் மூன்று சக்கர சைக்கிளில் முன்னே போய் வழி எப்படி, ராத்திரி எங்கே நிறுத்தலாம் என்று விசாரித்துக்கொண்டு வந்தார். கனவானின் வீட்டுவண்டிக்கும் 'எங்கே நிறுத்துவது' என்ற கேள்வியே முதல் கேள்வி. பதில் தேட அவருக்கு ஆள் இருந்தது.

அந்த 1880களிலேயே, ஜிப்சிகளின் வண்டி வீடுகளைப் பதிவு செய்து, உள்ளே புகுந்து சோதிக்க வகை செய்யும் மசோதாக்களைக் கோல்வில் ஊரின் ஜார்ஜ் ஸ்மித் என்பவர் திரும்பத் திரும்ப நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவர வைத்தார். அவை நிறைவேறவில்லை. ஆனால் கதை முடிந்துவிடவில்லை. 1968இல் ஜிப்சிகள் வண்டி நிறுத்த இடம் ஒதுக்க வேண்டும் என்று உள்ளாட்சிகளுக்குக் கடமை விதித்த சட்டம் வந்தது. 1994ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் கடமையை நீக்கியது. 2022இல் வந்த சட்டம், அனுமதியில்லாத நிலத்தில் வண்டியோடு தங்கியிருப்பதைச் சில நிலைமைகளில் குற்றமாகவே ஆக்கியது. விடுமுறைக் கேரவன்களுக்கு இடம் வாடகைக்கு விடும் பூங்காக்களோ அங்கே ஏராளம். ஒரே பொருள், ஒரே சக்கரம். காசு கொடுத்து நின்றால் விடுமுறை. வேறு வழியின்றி நின்றால் குற்றம்.

4

சுதந்திரம் வந்தபின் என்ன ஆயிற்று? குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31இலும் ஒழிக்கப்பட்டது. 1948இலேயே சென்னையில் வழக்கக் குற்றவாளிகள் சட்டம் வந்துவிட்டது. பரம்பரை என்ற சொல் போய் வழக்கம் என்ற சொல் வந்தது.

1955 ஏப்ரல் 6ஆம் தேதி நேரு சித்தூர்க் கோட்டைக்குள் காடியா லோஹர்களை அழைத்துக்கொண்டு போனார். காடி என்றால் வண்டி. வண்டியிலேயே வாழும் கொல்லர்கள் அவர்கள். 1568இல் சித்தூர் அக்பரிடம் வீழ்ந்தபோது, கோட்டை மீளும்வரை கூரைக்குக் கீழ் தங்குவதில்லை என்று சபதம் எடுத்துக்கொண்டு கிளம்பியதாக அவர்களது மரபு சொல்கிறது. சபதம் முடிந்தது, இனி வீடு கட்டிக்கொள்ளுங்கள் என்று புதிய தேசம் சொன்னது. உணர்ச்சிகரமான காட்சிதான். ஆனால் குடியமர்வதே விடுதலை என்ற முடிவில் நேருவின் அரசும் அதற்கு முந்தைய அரசும் அதிகம் வேறுபடவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நகர்ந்தே பிழைக்கிறவர்களுக்கு நிற்க நல்ல இடமும் தண்ணீரும் தரலாம் என்ற யோசனை அந்த விழாவின் மொழியில் இடம்பெறவில்லை. புளியமரத்தடியில் சம்மட்டி அடித்த அந்த அம்மாள் எந்தச் சமூகம் என்று நான் கேட்கவில்லை. ஆனால் விழாக்களுக்குப் பிறகும் உலையோடு ஊர் ஊராகப் போகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது கண்ணால் பார்த்த உண்மை.

நம் பக்கத்து நரிக்குறவர், குருவிக்காரர் நிலையும் இதுவே. பழங்குடிப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்ற அவர்களது பல்லாண்டுக் கோரிக்கையை 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றம் ஏற்றது. பட்டியலில் சேர்த்தாலும் சாதிச் சான்றிதழ் வாங்கப் போகிறவரிடம் அலுவலகம் கேட்பது, "எந்த ஊரு? கதவு எண் என்ன?"

வாக்காளர் பட்டியலுக்கும் அதே கேள்விதான். 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், தொகுதியில் 'சாதாரணமாக வசிப்பவர்' என்கிறது. வீடற்றவர்கள் பெயரையும் சேர்க்கலாம் என்று தேர்தல் ஆணையம் வழி வைத்திருக்கிறது. அதற்கு, அவர் சொன்ன இடத்தில் உண்மையிலேயே தூங்குகிறாரா என்று அலுவலர் ராத்திரியில் போய்ப் பார்க்க வேண்டும். ரேகைச் சட்டக் காலத்தில் ராத்திரியில் வந்து எண்ணிப் பார்த்தார்கள். இன்றைய வருகையின் நோக்கம் வேறு, நல்லதும்கூட. ஆனால் எண்ணப்படுகிறவரும் ராத்திரியும் மாறவில்லை.

5

இனி அத்தான் வண்டிக்கு வருவோம். அவர் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். இல்லையென்றால் இது வெறும் வர்க்க வசை ஆகிவிடும்.

முதலாவது, பதிவு. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 40ஆம் பிரிவு, உரிமையாளர் வசிக்கும் இடம் அல்லது வண்டி வழக்கமாக நிறுத்தப்படும் தொழிலிடம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அங்கேதான் பதிய வேண்டும் என்கிறது. 49ஆம் பிரிவின்படி இருப்பிடம் மாறினால் முப்பது நாளுக்குள் சொல்ல வேண்டும். 47ஆம் பிரிவின்படி வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்கிறது. ஆகவே இருக்கையைப் பிடுங்கிக் கட்டில் போட்டால் அலுவலகப் படியேற வேண்டும். சட்டத்தின் கண்ணில் வீட்டுவண்டி என்பது, நகராத வீடு ஒன்றை ஏற்கெனவே வைத்திருப்பவரின் இரண்டாவது சொத்து. அத்தானுக்கு பெங்களூரில் ஃபிளாட் இருப்பதால்தான் அவரால் நாடோடியாக முடிகிறது.

இரண்டாவது, தண்ணீர். நூறு லிட்டர் என்றால் நூறு கிலோ கூடுதல் பாரம். ஒரு வாளி பதினைந்து லிட்டர் என்று வைத்தாலும் நாலு பேர் ஆளுக்கொரு வாளி குளித்தால் அறுபது போய்விடும். சமையல், பாத்திரம், கக்கூஸ் எல்லாம் சேர்த்தால் ஒரு நாளில் தொட்டி காலி. "ஊர் ஊரா கொழாய் தேடுதது தான் டூரே" என்று அக்கா சொன்னாள்.

மூன்றாவது, கரண்டு. 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி பாட்டரி ஒன்றில் உள்ளது 1.8 யூனிட். பாட்டரி கெடாமல் இருக்கப் பாதிதான் எடுக்கலாம். ஒரு டன் ஏசி மணிக்குச் சுமார் ஒரு யூனிட் தின்றால், ஒரு மணி நேரம்கூட ஓடாது. ஜெனரேட்டர் போட்டால் பக்கத்து வீட்டுக்காரர் தூங்க முடியாது. எனவே விசிறிதான்.

நான்காவது, கழிவு. இதைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை. வண்டியின் கக்கூசுக்கு அடியில் ஒரு தொட்டி இருக்கிறது. இரண்டு மூன்று நாளில் அது நிரம்பும். மேலை நாட்டுக் கேரவன் பூங்காக்களில் அதைக் கொட்டவென்றே சாக்கடையோடு இணைத்த இடம் உண்டு. நம் நெடுஞ்சாலையில் அது எங்கே? அத்தான் அதைத் தானே கழற்றி, அண்ணாச்சி கடைக் கக்கூசில் ஊற்றிக் கழுவினார். அவரை மதிக்கிறேன். ஏனென்றால் எல்லோரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். ஓடையில் ஊற்றுவார்கள், அல்லது யாரையாவது கூப்பிடுவார்கள். யாரைக் கூப்பிடுவார்கள் என்பதை இந்த நாட்டில் விளக்க வேண்டியதில்லை. கையால் மலம் அள்ளும் வேலையில் ஆளை அமர்த்துவதைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் வந்தது. அதற்குப் பின்னும் தொட்டிக்குள் இறங்கிச் செத்தவர்களின் செய்தி நிற்கவில்லை. கேரவன் சுற்றுலாவுக்குக் கேரளம் 2021இல் ஒரு கொள்கையையே அறிவித்து, 2022இல் வாகமண்ணில் முதல் பூங்காவைத் திறந்தது. நல்ல விஷயம். ஆனால் எந்த விளம்பரத்திலும் அந்தத் தொட்டியும் அதைக் காலி செய்யும் கையும் தென்படுவதில்லை.

6

கேரவன் என்ற சொல்லைத் தமிழ்நாட்டுக்குப் பழக்கப்படுத்தியது சுற்றுலா அல்ல, சினிமா. வண்டி யாருக்கு என்பதை வைத்தே அந்தத் தொழிலில் ஒருவரது இடத்தைச் சொல்லிவிடலாம். கேரளத்தில் நீதிபதி ஹேமா குழு 2019 டிசம்பரில் கொடுத்து, 2024 ஆகஸ்டில்தான் வெளியிடப்பட்ட அறிக்கை, படப்பிடிப்புத் தளங்களில் கக்கூசும் உடை மாற்றும் அறையும் இல்லாமல் பெண்கள், குறிப்பாகத் துணை நடிகைகள், படும் அவதியை எழுதியிருக்கிறது. போக இடமில்லாததால் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் அதனால் நோய் வருவதும் அதில் பதிவாகியிருக்கின்றன. கக்கூஸ் உள்ள வண்டி பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கும்போது இது நடக்கிறது. புளியமரத்தடி அம்மாள் இருட்டில் போக வேண்டும் என்றதும், நடிகை தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் ஒரே அரசியலின் இரு பக்கங்கள்.

சரக்கு லாரி ஓட்டுநரையும் இங்கே சேர்க்க வேண்டும். எலுமிச்சை மூட்டை ஏற்றிக்கொண்டு மலை தாண்டிப் போகிறவருக்கு அந்தக் கேபின்தான் வாரத்தில் பாதி நாள் வீடு. சீட்டுக்குப் பின்னால் பலகை, அடியில் ஸ்டவ், சாமி படம், கொடியில் துண்டு. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் சரக்கு லாரிகளின் கேபினில் ஏசி இருக்க வேண்டும் என்ற விதி வந்ததே பெரிய காரியம். இவரை யாரும் நாடோடி என்பதும் இல்லை, கேரவன்வாசி என்பதும் இல்லை. மொத்தத்தில் இவருடைய வீடு வீடாகவே கணக்கில் வரவில்லை.

கோட்பாட்டு நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. டெலூஸும் கத்தாரியும் 1980இல் நாடோடியை அரசுக்கு எதிரான ஓர் உருவகமாக முன்வைத்தார்கள். நமக்கு முந்தைய தலைமுறைச் சிற்றிதழ்கள் அந்தச் சொல்லை ஆசையோடு எடுத்துக்கொண்டன. நானும் அதைப் படித்துக் கிறங்கியவன்தான். நிலைத்த அடையாளங்களை உடைக்க அது உதவியது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நகர்வதையே விடுதலையாகக் கொண்டாடும் எழுத்தில், நிற்க விடாமல் விரட்டப்படுகிறவர் காணாமல் போகிறார். அந்தக் கொல்லர் குடும்பம் அந்த வாரத்தில் நகர்ந்தது விருப்பத்தால் அல்ல. அவர்கள் கேட்டது இரண்டு நாள் நிற்க. வரலாற்றில் நாடோடிகள் கேட்டது பெரும்பாலும் அதுதான் என்று தோன்றுகிறது: போகவும் விட வேண்டும், நிற்கவும் விட வேண்டும்.

இதிலிருந்து ஒரு கோரிக்கையை எழுத முடியும். நெடுஞ்சாலை ஓரத்து ஒவ்வொரு நகராட்சியும் ஒரு வண்டிப்பேட்டை வைக்கட்டும். குழாய், விளக்கு, பெண்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள கக்கூஸ், கழிவுத் தொட்டியைக் கைபடாமல் காலி செய்ய ஓர் இணைப்பு. கேரவனுக்கும் லாரிக்கும் உலை வண்டிக்கும் ஒரே வாசல். எந்த ஊர் என்று கேட்காமல், எத்தனை நாள் என்று மட்டும் கேட்கட்டும். இது புரட்சி அல்ல. 1920இல் இருந்த ஒரு ஏற்பாட்டைச் சாதியைக் கழித்துவிட்டுத் திரும்பக் கேட்பதுதான். அந்தக் கழித்தல்தான் கடினம் என்பதும் தெரியும்.

தெரிந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். அத்தான் கிளம்பிப் போனபின் கமிஷன் கடைக்கு நன்றி சொல்லப் போனேன். பேச்சோடு பேச்சாக, "அண்ணாச்சி, அடுத்த தடவ அந்தக் கொல்லமாருங்க வந்தா ரெண்டு ராத்திரி இங்க நிறுத்திக்கிடலாமா?" என்று கேட்டேன். அவர் நல்ல மனுஷர். கோபப்படவில்லை. தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அது வேற தம்பி. அவுக எந்த ஊருன்னு யாருக்குத் தெரியும்?"

கர்நாடகா நம்பர் வண்டி மூன்று ராத்திரி நின்ற இடத்தில் நின்றுகொண்டுதான் இதைக் கேட்டேன். அதைச் சொல்லிக் காட்டவும் எனக்கு வாய் வரவில்லை. அவர்களை விரட்டிய அன்றைக்கே அண்ணாச்சியிடம் கேட்டிருக்க வேண்டியவன் நான். அன்றைக்கு என் கையில் அவர்கள் அடித்துக் கொடுத்த அரிவாள் மட்டும் இருந்தது.